பிளஸ் டூ முடித்தவர்களுக்கு விண்ணப்ப உதவி முகாம்: ஊர்ப் பட்டதாரிகள் சேர்ந்து நடத்துவது எப்படி

எட்டுப் பட்டதாரிகள், மூன்று லேப்டாப், ஒரு பிரிண்டர், ஜனவரி முதல் செப்டம்பர் வரை வாரத்துக்கு அரை நாள். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ வகுப்பைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட இவ்வளவு இருந்தால் போதும். பணம் பெரிய தடையே இல்லை. நேரத்துக்கு வராத சான்றிதழ், ஓடிபி போகிற செல்போன் வேறு யாரிடமோ இருப்பது, தவறாகத் தட்டிய சாதிப் பிரிவு என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான் பிள்ளைகளின் இடத்தைப் பறிக்கின்றன. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. கல்லூரி முடித்த நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ரிசல்ட் வந்த பிறகு தொடங்கினால் பாதி வேலை கெட்டுவிடும். பிளஸ் டூ முடிவுகள் 2023-இல் மே 8, 2024-இல் மே 6, 2025-இல் மே 8 அன்று வந்தன. பொறியியல் பதிவு அதையொட்டித் தொடங்கி ஜூன் முதல் வாரம்வரை போகும். கலைக் கல்லூரிப் பதிவும் அதே மே மாதத்தில்தான். அதே சமயத்தில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி, அதாவது ஊர்களின் வருவாய்க் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்கும் வேலை நடக்கும். கிராம நிர்வாக அலுவலர் முதல் தாசில்தார்வரை எல்லாரும் அதில் மூழ்கியிருப்பார்கள். சான்றிதழ் விண்ணப்பங்கள் தேங்கி நிற்கும். ஆகவே வேலையை ஜனவரியில் தொடங்குங்கள்.

1. ஜனவரி: ஆளும் பொறுப்பும்

இதற்காக அறக்கட்டளை பதிவு செய்ய வேண்டாம். பதிவு செய்தால் பான், வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்கு என்று தனி வேலை வந்து சேரும். பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெளியாரிடம் நன்கொடை திரட்டாமல் உங்களுக்குள் பணம் போட்டுக்கொள்ளும்வரை பதிவு தேவைப்படாது.

எட்டுப் பேரும் எல்லா வேலையும் செய்யக் கூடாது. மூன்று பேர் லேப்டாப்பில் விண்ணப்பம் போடுவார்கள். ஒருவர் ஆவணங்களைச் சரிபார்த்து ஸ்கேன் செய்வார். ஒருவர் இ-சேவை, தாலுகா அலுவலக வேலைகளைக் கவனிப்பார். இவர் பகலில் ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். ஒருவர் பெற்றோரிடம் பேசுவார். ஒருவர் நோட்டும் பணமும் பார்ப்பார். மீதி ஒருவர், யார் வரவில்லையோ அவருடைய இடத்துக்கு. குறைந்தது மூன்று பெண்கள் இருக்கட்டும். மாணவிகளின் அம்மாக்கள் அவர்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். “தூரமா அனுப்ப மாட்டோம்” என்று சொல்லும் வீட்டில் பேசிப் பார்க்கவும் அவர்களால்தான் முடியும்.

விண்ணப்பம் போடும் மூன்று பேரும் வெவ்வேறு படிப்பு படித்தவர்களாக இருந்தால் நல்லது. எல்லாரும் பொறியியல் பட்டதாரிகள் என்றால் வருகிற பிள்ளைகள் எல்லாரையும் பொறியியலுக்கே தள்ளிவிடுவார்கள், தங்களுக்கே தெரியாமல்.

2. தலைமை ஆசிரியரைப் பார்ப்பது

கையில் ஒரு பக்கக் கடிதத்தோடு போங்கள். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: உங்கள் எட்டுப் பேரின் பெயர், படிப்பு, செல்போன் எண்; செய்யப்போகும் வேலை; மாணவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம் என்ற உறுதி; எந்தக் கல்லூரியோடும் நிறுவனத்தோடும் தொடர்பு இல்லை என்ற உறுதி. கடைசி வரியைத் தலைமை ஆசிரியர்கள் கூர்ந்து படிப்பார்கள். மே மாதம் பள்ளி வாசலில் நிற்கும் தனியார் கல்லூரி ஏஜென்ட்டுகளைப் பார்த்து அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

பள்ளி வளாகத்திலேயே முகாம் நடத்துவதென்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லலாம். அதற்கு நேரம் பிடிக்கும் என்றால் நூலகம், சமுதாயக் கூடம், ஊராட்சி மன்றக் கட்டடம் எதுவானாலும் சரி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். பெற்றோருக்குச் சேதி போய்ச் சேர அதைவிட நல்ல வழி இல்லை.

மாணவர்களில் பலருக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகியிருக்காது. எந்தத் தன்னார்வலரும் எந்த மாணவரோடும் தனியறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் தனிப்பட்ட வாட்ஸ்அப் பேச்சு வேண்டாம். பேச வேண்டியதைப் பெற்றோரும் இருக்கும் குழுவில் பேசுங்கள். இதை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் சொல்லி, ஒப்புக்கொள்ளாதவரைச் சேர்க்காதீர்கள்.

3. பிப்ரவரி: ஆவணப் பட்டியல்

மார்ச்சில் பொதுத்தேர்வு. அப்போது பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிப்ரவரியில் ஒரு நாள், ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ஒவ்வொருவரிடமும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு பக்கம். பார்க்க வேண்டியவை:

ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் சான்று இருந்தால் அது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், மாணவரின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. மாற்றுத்திறனாளி, விளையாட்டு வீரர், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளை என்றால் அதற்கான சான்று. பிளஸ் டூ மதிப்பெண் சான்றும் டிசியும் மே மாதம் பள்ளியிலிருந்து வரும்.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை எந்தெந்தப் பள்ளியில் படித்தார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு இது உயிர்நாடி. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியின் படிப்புச் சான்றையும் வாங்கி வைக்க வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் பழைய பள்ளியின் அலுவலகம் பூட்டியிருக்கும். பிப்ரவரியிலேயே வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து, பெயர். பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் ‘கார்த்திகா எம்’, இன்னொன்றில் ‘எம். கார்த்திகா’ என்றிருந்தால் அது பெரிய சிக்கல் ஆகாது. ஒன்றில் அப்பா பெயர் முருகன், இன்னொன்றில் முருகேசன் என்றிருந்தால் சிக்கல். பிறந்த தேதி மாறியிருந்தால் பெரிய சிக்கல். எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றுக்கு ஏற்ப மாற்றுங்கள். அந்தச் சான்றை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினம். ஆதார் திருத்தத்துக்கு நேரம் தேவை. பிப்ரவரியில் கண்டுபிடித்தால் மே மாதத்துக்குள் முடியும். மே மாதத்தில் கண்டுபிடித்தால் முடியாது.

4. மார்ச் கடைசி, ஏப்ரல்: இ-சேவை மையம்

வருவாய்த் துறைச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இ-சேவையில் 60 ரூபாய். முதலில் மாணவருக்கு கேன் எண், அதாவது இ-சேவையில் அவருக்கான பதிவு எண் எடுக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓடிபி வரும். பிறகுதான் விண்ணப்பம். சேவை எண்கள் தெரிந்திருந்தால் மையத்தில் வேலை சுலபம்: சாதிச் சான்று 101, இருப்பிடச் சான்று 102, வருமானச் சான்று 103, முதல் பட்டதாரிச் சான்று 104.

*சாதிச் சான்றிதழ்.* வீட்டில் பழைய அட்டை இருக்கலாம். டிஜிட்டல் கையொப்பமும் கியூஆர் குறியீடும் உள்ள புதிய சான்று இருந்தால் எந்தத் தளத்திலும் கேள்வி வராது. இல்லாதவர்கள் அப்பா, அம்மா அல்லது உடன்பிறந்தவரின் சாதிச் சான்று, டிசி, ரேஷன் கார்டு, படம் இவற்றோடு விண்ணப்பிக்கலாம். பழங்குடியினர் சான்றை மட்டும் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியர் நிலையில் விசாரணை நடக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் பட்டியலில் பழங்குடி மாணவர் ஒருவர் இருந்து அவரிடம் சான்று இல்லையென்றால், அன்றே தொடங்க வேண்டிய முதல் வேலை அதுதான்.

*வருமானச் சான்றிதழ்.* ஓராண்டுதான் செல்லும். போன வருடம் வேறு எதற்கோ வாங்கியதை வைத்துக்கொண்டு “இருக்கு சார்” என்பார்கள். தேதியைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். வருமானத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதச் சொல்லாதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்கு நீங்கள் பாடம் நடத்தவும் வேண்டாம்.

*முதல் பட்டதாரிச் சான்றிதழ்.* அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. குடும்பத்தில் பட்டதாரியே இருக்கக் கூடாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா எல்லாரையும் பார்ப்பார்கள். அண்ணன் படித்துப் பாதியில் நின்றவரா, டிப்ளமோவா, பட்டமா என்பதற்கு அவருடைய டிசியோ சான்றோ கேட்பார்கள். அண்ணன் ஏற்கெனவே முதல் பட்டதாரிச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்கு அதே சலுகை கிடைக்காது. பொறியியல் கலந்தாய்வில் இந்தச் சான்றோடு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியையும் பதிவேற்ற வேண்டும். சான்றை மட்டும் ஏற்றிவிட்டு உறுதிமொழியை மறப்பவர்கள் ஏராளம்.

விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கும், பிறகு வருவாய் ஆய்வாளருக்கும், கடைசியில் துணை வட்டாட்சியர் அல்லது தாசில்தாருக்கும் போகும். எந்த மேசையில் நிற்கிறது என்பதை ஒப்புகைச் சீட்டின் எண்ணை வைத்து ஆன்லைனில் பார்க்கலாம். வாரம் ஒரு முறை பார்த்து நோட்டில் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பத்துப் பிள்ளைகளின் எண்களை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய், “சார், இந்தப் பத்தும் பிளஸ் டூ பசங்களோடது” என்று கொடுத்தால் வேலை வேகமாக நகரும். தனித்தனியாகப் பத்துப் பேர் போய் நிற்பதை அவரும் விரும்ப மாட்டார். நிராகரிக்கப்பட்டால் காரணம் அதே தளத்தில் இருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு ஆவணம் மங்கலாக ஸ்கேன் ஆகியிருக்கும்.

இருப்பிடச் சான்று எல்லாருக்கும் வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் அது கேட்பதில்லை. வீணாக அறுபது ரூபாய் கட்ட வைக்காதீர்கள்.

5. செல்போன், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு

பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு விண்ணப்பம் போட்டால், பல நேரம் கடைக்காரர் தன் மின்னஞ்சலையும் தன் எண்ணையும் போட்டுவிடுவார். ஜூலையில் கலந்தாய்வுச் சேதி அந்த எண்ணுக்குப் போகும். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. உங்கள் முகாமிலும் இதே தப்பு நடக்கலாம்: ஓடிபி வரவில்லை, நேரமாகிறது, தன்னார்வலர் தன் எண்ணைத் தட்டிவிடுவார். இதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

எண், செப்டம்பர்வரை மாறாத எண்ணாக இருக்க வேண்டும். அப்பாவின் எண் என்றால் அவர் காலையில் வேலைக்குப் போகும்போது செல்போனும் கூடவே போய்விடும். முகாமில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஓடிபி பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் அப்பாவின் சட்டைப் பையில் வந்து கிடக்கும். முகாமுக்கு வரும்போது அந்த செல்போனையும் ரீசார்ஜ் செய்து கையோடு கொண்டுவரச் சொல்லி முதல்நாளே நினைவூட்டுங்கள். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்முக்கு ஓடிபி வராமல் போகலாம்.

மின்னஞ்சல் ஒவ்வொரு மாணவருக்கும் புதிதாக, அவர் பெயரிலேயே தொடங்குங்கள். கடவுச்சொல்லை மாணவர் தன் கையால் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். உங்கள் நோட்டில் எழுதக் கூடாது.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதார் இணைத்ததாக வேண்டும். கணக்குத் தொடங்கும்போது ஆதார் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அரசின் உதவித்தொகை நேரடியாக வர, அந்தக் கணக்கு ஆதாரோடு சீடிங் ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் வர வேண்டிய கணக்கு இதுதான் என்று ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், அது தனி. ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று தெரியும். சிறுவயதில் பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கி, கையாளாமல் முடங்கிப்போன கணக்கு இணைந்திருப்பது சகஜம். அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு சீக்கிரம் தொடங்கலாம். ஊருக்குத் தபால்காரரே வந்து செய்து கொடுப்பதும் உண்டு.

6. முகாம் நாள்

ஒரு விண்ணப்பத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று லேப்டாப், ஆறு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 24 பேர். நாற்பது மாணவர்களுக்கு இரண்டு நாள் வையுங்கள். டோக்கன் கொடுத்து நேரம் குறித்து வரச் சொல்லுங்கள். எல்லாரையும் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் மதியத்துக்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள். ரிசல்ட் நாளன்று முகாம் வேண்டாம். அன்று தளங்கள் திணறும், வீட்டில் மனநிலையும் சரியாக இருக்காது. தற்காலிக மதிப்பெண் சான்று பள்ளியில் கிடைத்த பிறகு வரும் சனி, ஞாயிறு சரியாக இருக்கும்.

தேவையானவை: இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பு, இரண்டு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பிரிண்டர், ஸ்கேனர். ஸ்கேனர் இல்லையென்றால் செல்போன் செயலி போதும். ஆனால் வெளிச்சம் விழும் ஜன்னலோர மேசையில், நிழல் விழாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தளமும் கோப்பின் அளவுக்குத் தனி வரம்பு வைத்திருக்கும். ஒவ்வொரு ஆவணத்தையும் ஒரு பெரிய பிடிஎஃப், ஒரு சிறிய பிடிஎஃப் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கிய பிறகு திறந்து பார்த்து, சான்றிதழ் எண் படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

நாற்பது பேருக்கு ஏறக்குறைய ஆகும் செலவு: ஏ4 தாள் இரண்டு கட்டு 600, டோனர் 1,000, இணைய ரீசார்ஜ் 600, தன்னார்வலர் டீ, சாப்பாடு, வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர், பிஸ்கட் எல்லாம் சேர்த்து 2,500, கட்ட முடியாத பத்துப் பேருக்கு மூன்று சான்றிதழ் வீதம் இ-சேவைக் கட்டணம் 1,800, விண்ணப்பக் கட்டணத்துக்குக் கைவசம் 3,000. ஆக 9,500. எட்டுப் பேர் ஆளுக்கு 1,200 போட்டால் தாராளம்.

லேப்டாப் முன்னால் மாணவர்தான் உட்கார வேண்டும். நீங்கள் பக்கத்தில். தட்டச்சு மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்களே வேகமாக அடித்துக் கொடுத்தால் ஜூலையில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் தன் கணக்கில் நுழையவே தெரியாது. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் சாதிப் பிரிவு, பிறந்த தேதி, மதிப்பெண், சிறப்பு ஒதுக்கீடு நான்கையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி, டிஎன்சி, எஸ்சி, எஸ்சி அருந்ததியர் இவற்றில் தவறிப்போய் வேறு வரியைத் தொட்டுவிட்டால் ஒதுக்கீடே மாறிப்போகும். சாதிச் சான்றில் உள்ள சொல்லைப் பார்த்துப் போடுங்கள், பிள்ளை வாயால் சொல்வதைக் கேட்டு அல்ல.

பணம் கட்டும்போது கணக்கில் பணம் போய், தளத்தில் ‘தோல்வி’ என்று வந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வெளியேறி, கொஞ்ச நேரம் கழித்து நுழைந்து நிலையைப் பாருங்கள். கடைசியில் விண்ணப்பத்தின் பிரதி, பணம் கட்டிய ரசீது இரண்டையும் அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

7. எந்தெந்த விண்ணப்பம்

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி பிரிவினருக்கு 250. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் இருந்து வருகிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். கட்டும் முன் அந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம், மீன்வளம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தளம், தனித்தனிக் கடைசித் தேதி. ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பொறியியலுக்குப் போடுகிற ஒவ்வொரு மாணவரும் அரசு கலைக் கல்லூரிக்கும் போட்டு வைக்கட்டும். ஐம்பது ரூபாயில் ஒரு பாதுகாப்பு. கலைக் கல்லூரிகளில் தரவரிசை கல்லூரி வாரியாக வரும். தமிழ், ஆங்கிலப் பட்டப் படிப்புகளுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணும், மற்றவற்றுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் கூட்டும் பார்க்கப்படும். கலந்தாய்வு நாளில் மாணவர் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும். தேதி கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் தளத்திலும்தான் இருக்கும். செல்போனுக்குச் சேதி வரும் என்று காத்திருந்து இடத்தை இழந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஆகவே ஜூன் மாதம் காலையில் ஒருவர் இந்தத் தளங்களைத் தினமும் பார்க்க வேண்டும்.

8. ஜூலை, ஆகஸ்ட்: பொறியியல் விருப்பப் பட்டியல்

கட் ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடுவது. தரவரிசை வந்ததும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொதுத் தரவரிசை, 7.5 சதவீதத் தரவரிசை இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இல்லையென்றால் சரிபார்ப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. உதவி மையத்தில் முறையிட அவகாசம் சில நாட்கள்தான்.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். இருபதோடு நிறுத்தாதீர்கள். ஆசைப்படும் வரிசையிலேயே அடுக்க வேண்டும். கிடைக்காது என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளினால், கிடைக்கக்கூடியதும் கைவிட்டுப் போகும். மேலே கிடைக்காததால் கீழே உள்ளது தட்டிப் போகாது. போன ஆண்டு எந்த ரேங்க்வரை போனது என்பதைப் பார்த்து, பட்டியலின் அடியில் உறுதியாகக் கிடைக்கக்கூடியவற்றையும் சேர்த்துவிடுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏகப்பட்டவை இருப்பதால் பெயரைப் பார்க்காமல் குறியீட்டு எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேருந்து வசதி, விடுதிக் கட்டணம் இரண்டையும் பெற்றோரோடு பேசிய பிறகுதான் ஒரு கல்லூரி பட்டியலில் ஏற வேண்டும்.

ஒதுக்கீடு வந்ததும் ஏற்று அப்படியே சேர்வது, ஏற்று மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, மறுத்து மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது என்று வழிகள் காட்டும். உறுதிசெய்ய அவகாசம் மிகக் குறைவு. உறுதிசெய்யாமல் விட்டால் இடம் போய்விடும். ஏற்றுக்கொண்டவர் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். ஒதுக்கீடு வரும் நாளில் உங்களில் இரண்டு பேர் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது. வருடத்தில் விடுப்பு எடுத்தே ஆக வேண்டிய நாட்கள் இவைதான்.

9. தேர்ச்சி பெறாதவர்கள்

முகாமுக்கு அவர்கள் தாங்களாக வர மாட்டார்கள். நோட்டில் பெயர் இருக்கும், வீட்டுக்குப் போங்கள். ரிசல்ட் வந்த மறுநாளே போங்கள், கையில் எந்தப் படிவமும் இல்லாமல். துணைத் தேர்வு ஜூன் கடைசியில் தொடங்கும். விண்ணப்பிக்க அவகாசம் சில நாட்கள்தான். அதில் தேறுபவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு, அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடமும் பெரும்பாலும் இருக்கும். மறுமதிப்பீடு கேட்பவர்கள் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. மனம் உடைந்திருக்கும் பிள்ளையிடம் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும், படிப்புச் சந்தேகத்துக்கு 14417 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்து, அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

10. புரோக்கர்களும் அசல் சான்றிதழும்

முகாம் நடப்பது தெரிந்ததும் தனியார் கல்லூரி ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். பேனர் போட்டுத் தருகிறோம், சாப்பாடு தருகிறோம், ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு என்பார்கள். ஒரு பேனரைக்கூட ஏற்காதீர்கள். ஏற்றுக்கொண்ட அன்றோடு உங்கள் பேச்சுக்கு ஊரில் மதிப்புப் போய்விடும், அது நியாயமும்கூட.

பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது: கலந்தாய்வு முடியும்முன் எந்தக் கல்லூரியிலும் அசல் சான்றிதழையும் டிசியையும் கொடுக்காதீர்கள். ‘சீட் பிளாக்’ செய்ய என்று வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கேட்டால் முழுக் கட்டணம் கேட்பார்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் ஒரு பிரதியை முகாமில் வைத்திருங்கள். டிசி வாங்கியதுமே பத்துப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் யாருடைய அசலையும் ஓர் இரவுகூட உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

11. சேர்ந்த பிறகு, செப்டம்பர்வரை

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். முதல் வாரமே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் வராதவர்களில் பெரும்பாலோருக்கு ஆதார் சீடிங்தான் கோளாறு.

கல்விக் கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்து, வீட்டுக்கு அருகிலுள்ள வங்கிக் கிளைக்குப் போக வேண்டும். நான்கு லட்சம் ரூபாய்வரை பிணையும் தேவையில்லை, கையிலிருந்து பங்குத் தொகையும் கட்டத் தேவையில்லை. ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் கட்டண விவரக் கடிதம், பெற்றோரின் ஆதார், பான், வருமானச் சான்று எல்லாம் வேண்டும். கிளையில் வாய்மொழியாக ‘முடியாது’ என்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

முதல் பருவத்தில்தான் பலர் நின்றுவிடுவார்கள். விடுதிச் சாப்பாடு, ஆங்கிலத்தில் பாடம், பேருந்துக் காசு என்று காரணம் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொருவருக்கும் மாதம் இருமுறை போன் செய்யுங்கள். ஒரே படிப்பில் மேல் வகுப்பில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரைக் கோத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அவர்களுக்குள்ளேயே தீரும்.

செப்டம்பர் கடைசியில் லேப்டாப்பிலும் செல்போனிலும் உள்ள ஆதார், சான்றிதழ் ஸ்கேன்கள் அனைத்தையும் அழியுங்கள்; வாட்ஸ்அப்பில் வந்தவற்றையும் சேர்த்து. நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தச் சான்று எத்தனை நாளில் வந்தது, எது ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஆண்டு உங்கள் முகாமில் விண்ணப்பம் போட்டவர்களில் இரண்டு பேரை அடுத்த ஜனவரிக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கட்டும்.